மடத்துவெளியில் இல்லாத குகனேசன்

நீ பொய் சொல்லிவிட்டுச் செத்தவன். அதுவும் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

உயிரோடு இருந்த காலத்தில் உன்னோடு "நீர்" போட்டுத்தான் பேசினேன். பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம். ஊர்காவற்றுறையில் ஒரு பெட்டையும் பெடியனும் "நீ" போட்டுக் கதைத்தால் அடுத்த நாள் கதை வேறாகிவிடும். இன்று எனக்கு அந்த மரியாதை வரவில்லை. செத்தவனோடு சேர்த்துக் கதை கட்டவும் ஆளில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

இப்போது மத்தியானம். இந்தப் பரிசோதனை லாபில் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மெழுகைக் கரைக்கிற மருந்தின் மணம் அறை முழுக்க நிற்கிறது. என் முன்னால், நுணுக்குக்காட்டியின் தட்டில், விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதன் நடுவில், வெட்டிப் போட்ட நகத்துணுக்கு அளவில் மண்ணிறக் கறை. ஓரத்தில் ஒட்டிய சிட்டையில் என் கையெழுத்து: குகனேசன், மடத்துவெளி. போத்திலுக்குள் வந்த சதைத் துண்டை மெழுகில் இறக்கியதும், கடதாசியைவிட மெல்லியதாகச் சீவியதும், நிறம் ஊட்டியதும் நான்தான். நேற்றுவரை இது புங்குடுதீவு மடத்துவெளியில் யாரோ ஒரு குகனேசனுடைய நாக்கு. நேற்றிலிருந்து உன்னுடையது.

காலையில் இரண்டு துண்டுகளைப் பிழையாகச் சீவி எறிந்தேன்.

நேற்று உன் மனைவி ஜெனிற்றா இந்த வாசலில் பிள்ளையோடு வந்து நின்றாள். அவள் சொன்னதை எழுத முதல் நடந்தவற்றை வரிசையாக எழுதவேண்டும். உனக்குத் தெரிந்தவைதான். எனக்குத்தான் அவை இப்போது ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

நீ சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டு உன் அப்பாவின் வள்ளத்தில் ஏறினாய். நான் படித்து, இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்து, யாழ்ப்பாணம் ரவுணுக்குத் தினமும் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். ஒருநாள் நீ இயந்திரத்துக்குச் சாமான் வாங்க அதே பஸ்ஸில் ஏறினாய். வேலணை தாண்டி, கடலுக்கு நடுவே போட்ட தாம்போதியில் பஸ் ஊரும்போது பின்னாலிருந்து கத்தினாய்.

"என்ன நேர்ஸ் அம்மா, இண்டைக்கு ஆரைக் குத்தப் போறீர்?"

"நான் நேர்ஸ் இல்லை. ஊசி குத்திறேல்லை. ஆக்களிலை வெட்டின துண்டைச் சீவிப் பாக்கிறனான்."

"அப்ப இறைச்சிக்கடை எண்டு சொல்லுமன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ சிரித்தபோது கடைவாயில் அடக்கிய வெத்திலையும் போயிலையும் தெரிந்தன. பதினைந்து வயதிலேயே பழகிவிட்டாய். நான் முகத்தைச் சுளித்தால், "உது இல்லாட்டி விடியப்புறம் நித்திரை தூங்கிக் கடலுக்கை விழுந்திடுவன், பிறகு நீர்தான் வந்து தேடவேணும்" என்பாய்.

அந்தப் போயிலை எங்கள் தோட்டத்துப் போயிலை. அதைப் பற்றி உன்னிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை, நீதான் பகிடியாகச் சொல்லுவாய்: "உம்மடை அப்பாவின்ரை போயிலை நல்ல காரம். ஒரு துண்டு அடக்கினால் விடியுமட்டும் கண் மூடாது." புளியங்கூடலில் எங்கள் வீட்டில் ஒருவரும் அதை வாயில் வைப்பதில்லை. "அது அவையின்ரை பழக்கம்" என்பா அம்மா. அவை என்றால் யார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தோட்டக்காரர் விளைவிப்பார்கள், கடல்காரர் மெல்லுவார்கள். விளைவித்தவனின் மகள் படித்து, மென்றவனின் நாக்கைச் சீவிப் பார்ப்பாள். இதைத்தான் எங்கள் தீவில் ஒழுங்கு என்று சொல்கிறார்கள். ஒருவருக்கும் இதில் கூச்சம் இருந்ததாக நான் காணவில்லை.

உனக்குக் கலியாணம் நடந்த வருடம் வாய்க்குள் வெள்ளை படர்ந்த ஆட்களின் துண்டுகள் எங்களுக்கு அடிக்கடி வந்தன. பல் வைத்தியர்கள் சிறு துண்டு வெட்டி அனுப்புவார்கள். எங்கள் டொக்டர், துண்டைப் பார்த்து முடிவு எழுதுகிற வடமராட்சி மனுசி, அதிகம் பேசாதவர். குகனேசனின் துண்டும் அப்படி ஒரு பல் வைத்தியரிடமிருந்து வந்ததுதான். வழக்கமான நிறத்தில் பார்த்தபோது சிறிய மாற்றம் மட்டுமே தெரிந்தது. வெத்திலை போயிலையை விடவேண்டும், சில மாதத்தில் திரும்ப வந்து காட்டவேண்டும் என்று எழுதி அனுப்பியாயிற்று. ஆளும் பல் வைத்தியரிடமே முடிவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டொக்டர் அதோடு விடவில்லை. வாய்த் துண்டுகளில் ஒரு புரதத்தைப் பார்க்கும் புது நிறத்தை அப்போது பரீட்சித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்டுச் செய்தது இல்லை, அவரது ஆர்வம். அந்தப் புரதத்தின் பெயர் பீற்றா கற்றெனின். உனக்கு அதை நான் ஏற்கெனவே விளங்கப்படுத்தியிருக்கிறேன். அந்த நாளை இப்போது நினைக்க எனக்குத் தாங்கவில்லை, ஆனாலும் திரும்ப எழுதுகிறேன்.

உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. நடுவில் கரு இருக்கிறது. எப்போது பெருகவேண்டும், எப்போது சும்மா இருக்கவேண்டும் என்ற கட்டளைகள் கருவுக்குள் கிடக்கின்றன. இந்தப் புரதம் நல்ல கலத்தில் எல்லையோரமாக நிற்கும். பக்கத்துக் கலத்தைக் கைகோத்துப் பிடிக்க அது உதவும். கொதிக்கிற சோறும் மீன்முள்ளும் பட்டு உன் நாக்கு கிழிந்து உதிராமல் இருந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அதே புரதம் எல்லையை விட்டு உள்ளே போய்க் கருவில் சேர்ந்துவிட்டால், பெருகச் சொல்லும் கட்டளைகளை எழுப்பிவிடும். அதன்பிறகு கலத்துக்கு அயலும் இல்லை, அளவும் இல்லை. ஆகவே அந்தப் புரதம் இருக்கிறதா என்று கேட்டு வேலையில்லை. எங்கே நிற்கிறது என்று கேட்கவேண்டும்.

நல்ல துண்டில் அந்த மண்ணிறம் வலைக்கண் போலக் கோடு கோடாகத் தெரியும். குகனேசனின் துண்டில் கோடுகள் மங்கி, ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் ஒரு பொட்டு கறுத்துக் கிடந்தது. டொக்டர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"இது புற்றுநோய் இல்லை," என்றார். "ஆனா இது நிக்கிற இடம் எனக்குப் பிடிக்கேல்லை. இந்த ஆளைக் கூப்பிடுங்கோ. அந்த வெள்ளையை முழுசா வெட்டி எடுத்திட்டால் எனக்கு நிம்மதி."

"நிச்சயமா மாறுமோ டொக்டர்?"

"நிச்சயம் எண்டு சொல்ல ஏலாது. சில பேருக்கு ஒண்டும் நடக்காது. அதுக்காகக் கூப்பிடாமல் விட ஏலுமோ?"

கூப்பிட்டோம். கொடுத்திருந்த தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. பல் வைத்தியரிடம் இருந்ததும் அதே பெயரும் ஊரும்தான். இப்படி எத்தனையோ பேர் கைநழுவிப் போவதுண்டு. ஆனால் எங்கள் தீவுப் பக்கத்து ஆள் என்றதால் எனக்கு விட மனம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் எடுத்து மடத்துவெளிக்குப் போனேன்.

அங்கே சந்திக் கடைக்காரர் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"எந்தக் குகனேசன்? கனடாக் குகனேசனோ, சுவிஸ் குகனேசனோ?"

"இஞ்சை இருக்கிற குகனேசன்."

"இஞ்சை இருக்கிறதோ? பிள்ளை, இஞ்சை இருக்கிறது நானும் உந்த ஆடும்தான்."

கடைவாசல் வாங்குப் பலகையில் இருந்த கிழவர் ஒருவர் வயதைக் கேட்டார். இருபத்தேழு என்றேன். "இருபத்தேழு வயசிலை ஒரு பெடியன் மடத்துவெளியிலை இருந்தால் பெட்டி கட்டி ஆக்களுக்குக் காட்டுவமே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர் கலியாணப் புரோக்கரோ?" என்று கேட்டார். நான் வெயிலில் பூட்டிய வீடுகளைக் கடந்து நடந்தேன். ஒரு கேற்றடியில் ஒரு மனுசி வந்து, "அப்பிடி ஒரு ஆள் இஞ்சை இல்லைப் பிள்ளை. ஆரோ உம்மைப் பேய்க்காட்டிப்போட்டான்," என்றா.

அவ சொன்னதை நான் அன்று நம்பியிருக்கவேண்டும்.

வரும் வழியில் வேலணையில் இறங்கி ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினேன். தீவெல்லாம் வள்ளம் கொண்டு திரிகிறவன் நீ. உனக்குக் குகனேசனைத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நீ வீட்டின் வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாய். கலியாணம் நெருங்கிவிட்டது. உங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கலியாணத்துக்கு முதல் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சுவாமியிடம் அறிவிக்கவும். அன்று காலை உனக்கும் கரம்பன் ஜெனிற்றாவுக்கும் இரண்டாம் ஓலை வாசித்திருந்தார்கள். உன் அக்கா திரேசா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினிக்குள் போனா.

"மடத்துவெளியிலை குகனேசன் எண்டு ஒருத்தரைத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

தூரிகையை வாளிக்குள் தோய்த்தாய். "ஏன், உம்மைக் கட்டப்போறாரோ?"

"விசர்க்கதை கதையாதையும். லாபிலை அந்த ஆளைத் தேடுறம். நாக்கிலை வெள்ளை. இப்ப வெட்டினால் சரி. விட்டால் என்ன நடக்கும் எண்டு தெரியாது."

நீ திரும்பவில்லை. "உங்கடை லாபுக்கு வாறதெல்லாத்தையும் இப்பிடிக் கரையிலை வந்து சொல்லுவியளோ?"

"ஒரு ஆள் சாகக் கூடாது எண்டு வெயிலுக்கை திரியிறன். நீர் பகிடி விடுறீர்."

பிறகு நீ கேட்டாய்: அப்படி என்னதான் தெரிந்தது என்று. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில்கூட என் வேலையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. உன் கையிலிருந்த தூரிகையை வாங்கி, இன்னும் வெள்ளை அடிக்காத சுவரில் வட்டம் வட்டமாகக் கலங்களை வரைந்தேன். எல்லையைக் காட்டினேன். கருவைக் காட்டினேன். புரதம் நிற்கவேண்டிய இடத்தையும் குகனேசனில் அது போய் நிற்கிற இடத்தையும் புள்ளி வைத்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தையும் அப்படிக் கவனித்தவன் இல்லை நீ.

"நங்கூரம் மாதிரி," என்றாய். "கடலுக்கை கிடந்தால் வள்ளத்தைப் பிடிக்கும். கட்டாமல் வள்ளத்துக்கை விட்டால் ஒரு அலைக்குப் பலகையை உடைச்சுப்போடும்."

"அதேதான்."

"வெட்டிறதெண்டால் என்னத்தை வெட்டுவினம்? நாக்கையோ?"

"இப்ப அந்த வெள்ளைத் தோலை மட்டும். பிந்தினால் நாக்கு."

"ஒரு மாசம் பிந்தினால்?"

"ஏன் பிந்தவேணும்?"

"அந்த ஆளுக்கு ஏதும் அலுவல் இருக்கலாமே."

"நாக்கைவிட என்ன அலுவல்?"

நீ சிரித்தாய். தூரிகையை என்னிடமிருந்து வாங்கி, நான் வரைந்த வட்டங்களின் மேல் வெள்ளையை இழுத்தாய். "அப்பிடி ஒரு ஆளை எனக்குத் தெரியாது. கண்டால் சொல்லுறன்."

அன்று உன் வாயில் வெத்திலை இல்லை. கலியாணத்துக்காக விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். சந்தோசப்பட்டேன். போகும்போது அதைச் சொல்லி உன்னைப் பாராட்டியும் வந்தேன். "கெட்டிக்காரன்," என்றேன். நீ தலையை ஆட்டினாய்.

கலியாணத்துக்கு வந்தேன். நீ ஒரு பக்கத்தால்தான் சாப்பிட்டாய். படம் எடுக்கிறவன் "மாப்பிள்ளை, பல்லைக் காட்டுங்கோ" என்று கத்தியபோது உதட்டை மூடிக்கொண்டே சிரித்தாய். வெக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். வாய்த் துண்டுகளைச் சீவிச் சம்பளம் எடுக்கிற நானும் வெக்கம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு மாதக்கணக்காக உன்னைக் காணவில்லை. ஜெனிற்றா பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு உன் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது நீ உன் சொந்தப் பெயரில் இருந்தாய். இனி மறைக்க என்ன இருக்கிறது. அங்கே வெட்டிய துண்டு எங்களிடம் வரவில்லை. வந்திருந்தாலும் குகனேசனோடு உன்னைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியிராது.

நான் பார்க்க வந்த நாளில் உனக்கு நாக்கு இல்லை. கழுத்துவரை வீங்கியிருந்தது. ஆறு மாதம் முதல் காட்டியிருக்கக் கூடாதோ என்று உன்னிடம் கோபித்தேன். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நோவில் திரும்புகிறாய் என்று நினைத்தேன். திரேசா அக்கா காலடியில் இருந்து, "அவனுக்கு ஏலாமல் கிடக்கு, நீர் போயிட்டுப் பிறகு வாரும்," என்றா. பிறகு என்ற ஒன்று வரவில்லை. பிள்ளை பிறந்து முகம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் நீ போய்விட்டாய்.

சந்தியில் ஒட்டிய மரண அறிவித்தலில் "சுகவீனம் காரணமாக" என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் சுகவீனம் காரணமாகத்தான் சாகிறார்கள். என்ன சுகவீனம் என்று எழுதினால் தங்கச்சிமாருக்கு மாப்பிள்ளை வராது. உன் கரையில் வெத்திலை அடக்கிய ஒவ்வொரு பெடியனும் அந்த அறிவித்தலின் முன்னால் நின்று வாசித்துவிட்டு, அதன் காலடியில் துப்பிவிட்டுப் போனான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நேற்றைக்கு வருகிறேன்.

ஜெனிற்றா இந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கோயிலுக்கு வந்தவள் மாதிரி. பிள்ளை தோளில் நித்திரை. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்ததாம். பந்தியில் எல்லோருக்கும் முன்னால் உன் அம்மா, "இவள் கால் வைச்ச நாளிலையிருந்துதான் என்ரை பிள்ளைக்கு வருத்தம்," என்று சொல்லியிருக்கிறா. முதல்தரம் அல்லவாம். நீ படுக்கையில் இருக்கும்போதே சொல்லத் தொடங்கிவிட்டாவாம், உனக்குக் கேட்கும்படியாகவே. செபம் சொல்லிக் கும்பிடுகிற வாய்தான் ராசியும் பேசுகிறது. அன்று கறிச்சட்டியோடு நின்ற திரேசா அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அம்மா, அவளைச் சொல்லாதையுங்கோ. கலியாணத்துக்கு முதலே அவனுக்கு இருந்தது. பல் டொக்டரிட்டை நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்," என்று எல்லோருக்கும் முன்னால் அழுதிருக்கிறா.

ஜெனிற்றா என்னிடம் கேட்டாள்: "அக்கா, இஞ்சை குகனேசன் எண்ட பேரிலை ஒரு துண்டு கிடக்கோ?"

"ஓம், கிடக்கு. அந்த ஆளைத் தேடி நாங்கள் அலைஞ்சனாங்கள். உமக்கு அவரை என்னெண்டு தெரியும்?"

"அது இவர்தான் அக்கா."

எனக்கு விளங்கவில்லை. எவர் என்று கேட்டேன். அவள் தோளில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு உன் பெயரைச் சொன்னாள். நான் கதிரையை இழுத்து அதில் இருந்தேன். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் சொன்னாள். மூன்றாம் தரமும் கேட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் டொக்டர் உள்ளேயிருந்து எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

ஜெனிற்றாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தத் துண்டு அவள் உன் வீட்டுக்கு வர முதல் வெட்டியதா என்று தெரியவேண்டும். டொக்டர் பெட்டியிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, அவளைப் பார்க்கச் சொன்னார். பிள்ளையை நான் வாங்கினேன். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இந்தக் கறுப்புப் பொட்டுகளோ?"

"ஓம்."

"இது நான் வர முதலோ?"

"கலியாணத்துக்கு ஒரு மாசத்துக்கு மேலை முதல்."

"அப்ப என்ரை ராசி இல்லை."

"ராசி எண்டு ஒண்டும் இல்லை, ஜெனிற்றா."

"எனக்குத் தெரியும் அக்கா. அவைக்குச் சொல்லத்தான் கேக்கிறன்." தலையை நிமிர்த்தாமலே அடுத்ததைக் கேட்டாள். "அப்பவே கான்சரோ?"

டொக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "அப்ப இல்லைப் பிள்ளை," என்றார்.

அவள் அதை விளங்கிக்கொள்ள எடுத்த நேரத்தை நான் பார்த்தேன். கண்ணை நுணுக்குக்காட்டியிலிருந்து எடுத்து, டொக்டரைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிறகு சுவரைப் பார்த்தாள். "அப்ப இல்லையோ," என்று தனக்குள் சொன்னாள். பிறகு என்னிடம், "அவருக்குத் தெரியுமோ?" என்றாள்.

நான் மறைக்கவில்லை. சுவரடியில் நடந்ததைச் சொன்னேன். வட்டம் வரைந்ததைச் சொன்னேன். நீ கேட்ட கேள்விகளைச் சொன்னேன். ஒரு மாதம் பிந்தினால் என்று கேட்டதையும் சொன்னேன். உன்னைக் காப்பாற்ற எனக்கு ஒரு கடமையும் இல்லை. அவள் அழவில்லை.

"ஏன் பேரை மாத்தினவர்?" என்று நான் கேட்டேன். "ஊரிலை ஆருக்குப் பயந்தவர்? மூண்டு ஓலையும் முடியுமட்டும் கோயிலாக்களுக்கோ? உங்கடை வீட்டுக்காரருக்கோ?"

அவள் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினாள். "கோவிக்காதையுங்கோ அக்கா. நீங்கள் இஞ்சை வேலை செய்யிறியள் எண்டுதான். வேறை ஆர் பாத்தாலும் பறவாயில்லை, ஊராள் பாக்கக் கூடாது எண்டு திரேசா மச்சாள் சொன்னவவாம். இவரும் ஓம் எண்டவராம். தீவுக்கை இல்லாத ஒரு பேராப் பாத்து மச்சாள்தான் எழுதிவிட்டவ."

நேற்றிலிருந்து என்னால் இதைக் கடந்துபோக முடியவில்லை.

நான் இங்கே இல்லாமல் இருந்திருந்தால், என் கதிரையில் கண்டியிலோ மன்னாரிலோ இருந்து வந்த ஒருத்தி இருந்திருந்தால், நீ உன் பெயரைச் சொல்லியிருப்பாய். போன் அடித்திருக்கும். நீ வந்திருப்பாய். அந்த வெள்ளைத் தோல் மட்டும் போயிருக்கும். பஸ்ஸில் பின் வாங்கிலிருந்து இன்னும் கத்திக்கொண்டிருப்பாய். என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் உன்னைப் பிடித்திருப்பார்கள். பக்கத்தில் நின்றபோது நான் உன் கூட்டாளி. உள்ளே, இந்த நுணுக்குக்காட்டியின் முன்னால் வந்து இருந்ததும் நான் உனக்கு ஊராகிவிட்டேன். என்னில் ஒன்றும் மாறவில்லை. நான் இருந்த இடம் மாறியது, அவ்வளவுதான். இதைத்தானே அன்று உன் சுவரில் நானே புள்ளி வைத்துக் காட்டினேன். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். எனக்குத்தான் விளங்கவில்லை.

உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. ஒருவனின் நாக்கில் வெள்ளை என்றால் அவனுக்குப் பெண் கொடுக்காத ஊர்மேல் கோபம். நோயைக் குற்றம் போல ஒளிக்கப் பழக்கிய உன் வீட்டின்மேலும் என் வீட்டின்மேலும் கோபம். போயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டிருக்கிற அப்பாமேல் கோபம். நேற்றுப் பின்னேரம் அவரிடம் உன் கதையைச் சொன்னேன். "பாவம், நல்ல பெடியன்," என்றுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெனிற்றா போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றாள். "பாதி நாக்கோடையும் நான் அவரைக் கட்டியிருப்பன். ஊமை எண்டாலும் கட்டியிருப்பன். அவருக்கு அது தெரியேல்லை, பாருங்கோ." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கி நடந்தாள். அவள் இனி அந்த வீட்டில்தான் இருக்கவேண்டும், அந்த அம்மாவோடு, அந்தத் திரேசா அக்காவோடு. இன்றைக்கு அவள் அவர்களிடம் என்ன சொன்னாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலையில் ஒரு மனுசி போத்திலைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தா. பெயர் என்ன என்று கேட்டதும் பின்னால் திரும்பி வாசலைப் பார்த்தா. எனக்கு விளங்கிவிட்டது. "என்ன பேர் எண்டாலும் சொல்லுங்கோ அம்மா," என்றேன். "பொய்ப் பேர் எண்டாலும் பறவாயில்லை. நான் எந்த ஊர் எண்டும் கேக்கமாட்டன். அடிச்சால் எடுக்கிற ஒரு நம்பரை மட்டும் உண்மையாச் சொல்லுங்கோ." அந்த மனுசி சொன்னா. அப்போதே அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அவவின் கைப்பைக்குள் மணி அடித்தது. இனி இந்த மேசையில் இருக்கும்வரை இப்படித்தான் செய்வேன். உன்னால் நான் படித்தது இவ்வளவுதான், இதற்காக உனக்கு நன்றி சொல்லப்போவதும் இல்லை.

ஆனால் எனக்கு ஒன்று தெரியவேண்டும். உன் அக்கா சொன்னதை விடு, ஊரை விடு, ஓலையை விடு. அன்று சுவரடியில் நீயும் நானும் மட்டும் நின்றோம். குகனேசனைத் தேடி வெயிலில் அலைந்து, தலை கலைந்து, உன் முன்னால் வந்து நின்றேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவனுக்காக அப்படி அலைகிறவள், அவன் நீதான் என்று தெரிந்தால் என்ன செய்திருப்பாள் என்று ஒரு கணமாவது நினைத்தாயா? நான் உன்னை ஊருக்கு விற்றுவிடுவேன் என்றா நினைத்தாய்? பன்னிரண்டு வயதிலிருந்து என்னைத் தெரிந்த நீ?

திரும்பாதே. என்னைப் பார்த்துச் சொல்லு.